பீப்பாயும் கைப்பம்பும்

குவாடல்கனால் தீவின் விமானத் தளத்துக்கு ஹெண்டர்சன் என்று பெயர் வைத்தார்கள். லாஃப்டன் ஹெண்டர்சன் என்ற விமானி 1942 ஜூனில், மிட்வே சண்டையில் இறந்தவர். அப்போது அந்தத் தளமே இல்லை. அதை வெட்டத் தொடங்கியவர்கள் ஜப்பானியக் கடற்படையின் கட்டுமானப் பிரிவினரும் அவர்கள் கொண்டுவந்த கொரியத் தொழிலாளர்களும். ஆகஸ்ட் 7க்குப் பிறகு அமெரிக்கர்கள் அதைப் பிடித்து, ஜப்பானியர் விட்டுப்போன எந்திரங்களை வைத்தே முடித்தார்கள்.

யார் எத்தனை விமானத்தை வீழ்த்தினார் என்பதே இந்தப் போரைப் பற்றி எழுதப்படும் வரலாறாக இருக்கிறது. எனக்கு வேறு கேள்வி: அந்த விமானத்துக்கு பெட்ரோல் ஊத்தினது யாரு?

ஆகஸ்ட் 20இல் 19 வைல்ட்கேட் சண்டை விமானங்களும் 12 டான்ட்லெஸ் குண்டுவீச்சு விமானங்களும் இறங்கின. அவற்றின் மெக்கானிக்குகள் வந்து சேரவில்லை. சில நாள் முன்னால் 400 பீப்பாய் பெட்ரோலோடு வந்திருந்த சுமார் 120 கடற்படை ஆட்கள்தான் எல்லாம் செய்தார்கள். பெட்ரோல் லாரி கிடையாது. 55 கேலன் பீப்பாயை உருட்டிவந்து, கைப்பம்பால் அடித்து நிரப்பணும். குண்டு தூக்க எந்திரம் இல்லை. 500 பவுண்டு குண்டை ஆட்களே தூக்கி மாட்டினார்கள். மழையில் சேறு, வெயிலில் புழுதி. கப்பல் தளத்துக்கென்று செய்த டான்ட்லெஸின் கெட்டி ரப்பர் வால்சக்கரம் ஓடுபாதையை ஏர் மாதிரி உழுதது. உதிரிப்பாகமா? நொறுங்கிக் கிடந்த விமானம்தான் கடை. அக்டோபர் 13 இரவு கொங்கோ, ஹருனா என்ற இரண்டு போர்க்கப்பல்கள் 900க்கும் மேற்பட்ட குண்டுகளைக் கொட்டி, இருந்த பெட்ரோலில் பெரும்பகுதியை எரித்துவிட்டன. மறுநாள் முடங்கிக் கிடந்த பி-17களின் டாங்கிலிருந்து பெட்ரோலை இறக்கி மற்ற விமானங்களைப் பறக்கவிட்டார்கள்.

அந்தக் கடற்படை ஆட்களில் ஒருவர் ஜார்ஜ் போல்க். பின்னால் பத்திரிகையாளராகி, 1948இல் கிரீஸில் கொல்லப்பட்டவர். தான் சண்டை விமானியாக இருந்ததாக அவர் சொல்லிக்கொண்டது உண்மையல்ல என்று 2007இல் வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் பிராங்க் எழுதினார். பொய் என்று இதைக் கடந்துபோக எனக்கு மனசில்லை. பம்பு அடித்தவனே தன் வேலையைச் சொல்லக் கூச்சப்படும்படி எந்தக் கதையாடல் பண்ணியது?

அவருக்காவது சொல்லிக்கொள்ள ஒரு சீருடை இருந்தது. பிரிட்டிஷ் நிர்வாகம் 1942 இறுதியில் திரட்டிய சாலமன் தீவுகளின் தொழிலாளர் படை கப்பலில் வந்த சரக்கை இறக்கிச் சுமந்தது. பெரும்பாலோர் மலைத்தா தீவுக்காரர்கள். சம்பளம் மாதம் 1 பவுண்டு. அந்தப் படையில் வேலை செய்து திரும்பியவர்களிடமிருந்துதான் 1944இல் மாசினா ரூரு இயக்கம் கிளம்பியது. அவர்கள் கேட்ட சம்பளம் மாதம் 12 பவுண்டு. அரசு கொடுத்தது கைதும் சிறையும்.