மிசன் விடுதிகளும் பிள்ளைகளின் நம்பிக்கையும்

1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் விடுதிப் பாடசாலைகளைத் தொடங்கியபோது, பிள்ளைகளை அந்நியரிடம் ஒப்படைக்கப் பெற்றோர் எளிதில் இசைந்தாரல்லர். வீட்டிற் பயின்ற சாதியாசாரமே பிள்ளைகளின் அச்சமாகவும் வெளிப்பட்டது. மிசன் வளவினுள் உண்ண அவர்கள் மறுத்தமையால், அயலிலிருந்த சைவரொருவரின் காணியிலே சமையற்கூடம் அமைக்கவேண்டியதாயிற்று. கிறித்தவரின் கிணற்று நீரும் விலக்கப்பட்டது. எமர்சன் தெனன்ற் 1850இல் வெளியிட்ட நூலில் இச்செய்திகளைக் காணலாம். நாளடைவில் இத்தடைகள் தளர்ந்தன. போதனையைவிட, ஒரே இடத்தில் நாள்தோறும் பழகியமையே இதற்குக் காரணமாதல் வேண்டும்.

1824இல் நிறுவப்பெற்ற உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையின் நிலை இதனினுங் கடினம். திருமணம்வரை தங்கிக் கற்கும் பெண்ணுக்குச் சீதனந் தரவும் மிசன் உடன்பட்டது. யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் மனமறிந்த ஏற்பாடு அது!

1823இல் எழுந்த வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற வளர்ந்த மாணவரோ நம்புவதையும் நம்பாததையும் பிரித்தறிந்தனர். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என அமெரிக்கப் பெயர்களைத் தாங்கினர்; ஆசிரியரின் கணிதத்தையும் வானியலையும் ஏற்றனர். ஆயினும், ஆசிரியர்மேற் கொண்ட நம்பிக்கை அவர்தஞ் சமயத்தின்மேற் கொண்ட நம்பிக்கையாக எப்போதும் மாறவில்லை. அங்குக் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை பிற்காலத்திற் சைவராகவே வாழ்ந்தார். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவவே, பெற்றோருக்கு வேறு வழியுங் கிடைத்தது. இப்போது ஐயம் மறுபக்கத்தில் எழுந்தது. மாணவர் ஆங்கிலக் கல்வியை நாடியே வருகின்றனர் என மிசன் மேலிடங் கருதியது. செமினரி 1855இல் மூடப்பட்டது.