பழைய வரைபடத்தில் சுங்கை பூலோவை அடையாளம் காண்பது எப்படி?

வட்டார வரலாறு எழுதும் மாணவர்களுக்கு முதல் சிக்கல் ஊர்ப்பெயர்தான். சுங்கை பூலோ என்றால் மூங்கில் ஆறு. மூங்கில் வளரும் ஆறு ஒன்றுதானா இருக்கும்? சிங்கப்பூரிலும் அதே பெயரில் சதுப்புநிலக் காப்பகம் இருக்கு. ஆகவே, பெயரை மட்டும் நம்பி இடத்தை முடிவு செய்யக் கூடாது.

முதலில், சீக்கிரம் இடம் மாறாதவற்றைப் பாருங்கள்: ஆறு, குன்று, ரயில் பாதை. கெப்போங், குவாங், ரவாங் என்று வடக்கே போகும் தண்டவாளத்தில் கெப்போங்குக்கும் குவாங்குக்கும் இடையில் இருந்தால் அது நம்ம சுங்கை பூலோ.

அடுத்து, வரைபடத்தின் காலம். ஆண்டு அச்சிடப்படவில்லை என்றால், உள்ளே இருப்பவற்றைக் கொண்டு கணிக்கலாம்.

1. தொழுநோயாளர் குடியிருப்பு இருந்தால், அது 1930க்குப் பிந்தியது. அந்த ஆண்டில்தான் புக்கிட் லாகோங் அடிவாரத்தில் 562 ஏக்கரில் அது திறக்கப்பட்டது.
2. சீனர் புதுக்கிராமம் இருந்தால், அவசரகாலத்தில் 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்துக்குப் பிந்தியது.
3. எம்.ஆர்.டி. பாதை ஓடினால், அது நம் காலத்து வரைபடம். அந்தச் சேவை 2016 டிசம்பரில் தொடங்கியது.

மூன்றாவது, பெரியவர்களின் நினைவு. "எந்த வருஷம் தாத்தா?" என்று கேட்டால் பலருக்கும் சொல்லத் தெரியாது. "உங்க லயம் தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம்? கோயில் எங்க இருந்தது? பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவீங்க?" என்று கேளுங்கள், அவர்களே வழி காட்டுவாங்க. அதை வரைபடத்தில் பென்சிலால் குறியுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே இடத்தைச் சொன்னால் நம்பிக்கை கூடும். முரண்பட்டால் இரண்டையும் எழுதி வையுங்கள். ஒன்றை அழிக்க வேண்டாம்.

பெரியவர்கள் "ஆர்.ஆர்.ஐ." என்பார்கள். அது ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம். இன்றைய வரைபடத்தில் அந்த நிலத்தில் குவாசா டமன்சாரா என்றிருக்கும். பழைய பெயர் மக்கள் வாயில் வாழ்கிறது. புதிய பெயர் பலகையில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பதுதான் ஆய்வாளர் வேலை.

சில பெயர்கள் வேறு ஊரில் போய்ப் பதிந்திருக்கும். பிரிக்பீல்ட்ஸில் நாம் தினமும் கடக்கும் ஜாலான் டிராவர்ஸ், இந்தக் குடியிருப்பு அமையப் பாடுபட்ட மருத்துவர் டிராவர்ஸின் பெயரைத் தாங்கியது.

தேர்வு எழுதும் மாணவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அந்தக் காலத்து வரைபடமும் சரி, அந்த இடத்தில் வாழ்ந்தவரின் வாய்மொழியும் சரி, இரண்டுமே முதன்மைச் சான்றுகள். வரைபடம் இடத்தைச் சொல்லும். அங்கே யார் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்லாது. நினைவு வாழ்க்கையைச் சொல்லும், ஆண்டில் தடுமாறும். ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்க வேண்டும்.

2007இல் குடியிருப்பின் கிழக்குப் பகுதி வீடுகள் பல இடிக்கப்பட்டன. அங்கே பல்கலைக்கழக மருத்துவ வளாகம் எழுந்தது. அந்த வீடுகள் இருந்த இடத்தைப் பழைய வரைபடம் காட்டும். அங்கே வாழ்ந்தவர்களின் கதையைச் சொல்லக் கூடியவர்களோ ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். ஆசிரியர்களே, வரைபடத்தை அடுத்த தவணையிலும் தேடிக்கொள்ளலாம். பெரியவர்களிடம் இந்த விடுமுறையிலேயே மாணவர்களை அனுப்புங்கள்.