நடக்கும் மீனுக்குச் சிறகு வந்த கதை

மன்னார் வளைகுடாவின் மணல் தரையில் நடந்து திரியும் ஒரு சிறு மீனுக்குக் கிரேக்கப் புராணத்துப் பறக்கும் குதிரையின் பெயர்: பெகாசஸ். சுமார் 18 செ.மீ.க்கு மேல் வளராது. உடல் முழுக்க எலும்புத் தகடுகள் இணைந்து இறுகியிருக்கும். முகம் முன்னே நீண்டிருக்க, வாய் அதன் அடியில் ஒளிந்திருக்கும். இருபக்கமும் அகன்று விரியும் பெரிய துடுப்புகள்.

ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-இல் இதற்கு ‘பெகாசஸ் வோலிடன்ஸ்’ என்று பெயரிட்டார். இரண்டாவது சொல்லுக்கு லத்தீனில் சிறகடித்துத் திரிவது என்று பொருள். அவர் இந்தியப் பெருங்கடலைப் பார்த்தவரல்ல. கீழைக் கடல்களிலிருந்து ஐரோப்பியச் சேகரிப்புகளுக்குப் போய்ச் சேர்ந்த உடல்களை வைத்தே அந்நாளில் இப்படிப் பல பெயர்கள் பிறந்தன. மற்ற மீன்கள் காய்ந்தால் சுருங்கிக் கோணிப்போகும். இதுவோ கவசத்தின் தயவால் உருக்குலையாது. விரித்துக் காயவைத்தால் துடுப்பும் விரிந்தபடியே நிற்கும். பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது சிறகுதான். 1766-இல் இதன் நெருங்கிய உறவினத்துக்கு டிராகனின் பெயரைக் கொடுத்தார் லின்னேயஸ். ஆங்கிலத்தில் இது கடல் அந்துப்பூச்சி. சீனத்தில் கடல் சிட்டுக்குருவி. எல்லாப் பெயர்களும் பறக்கின்றன.

மீன் பறப்பதில்லை, நீந்துவதுகூடக் குறைவு. வயிற்றுப்பக்கத் துடுப்புகளை ஊன்றி நடந்து, சிறு புழுக்களையும் நுண்ணிய கணுக்காலிகளையும் உறிஞ்சித் தின்னும். பாம்பு சட்டை உரிப்பதுபோல் தோலை முழுதாகக் கழற்றிப் போடும். டிராகன் இனத்தில் ஆணும் பெண்ணும் சோடி பிரியாமல் வாழ்வதைச் செங்கடலில் கவனித்த ஆய்வாளர்கள் 1993-இல் எழுதினார்கள். அந்தி வேளையில் முட்டையிட மட்டும் அந்தச் சோடி தரையைவிட்டு மேலெழும்.

பெயர் வாங்கித் தந்த கவசமே இன்று ஆபத்தாகவும் ஆகியிருக்கிறது. உலர்த்தி வைப்பது எளிது என்பதால், ஆசியக் கடல்களில் இழுவலையில் சிக்கும் இம்மீன்கள் சீன மருந்துச் சந்தைக்குப் போகின்றன. இதன் உறவான கடல் குதிரையை 2001-இல் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அந்த அக்கறை இதற்கும் வேண்டும். வலையில் உயிரோடு வந்தால் கடலிலேயே விட்டுவிட வேண்டும். காய்ந்த உடலைப் பார்த்து உலகம் பெயர் வைத்தது. இது நடப்பதைப் பார்த்துப் பேசும் வாய்ப்பு நம் கரைகளுக்கு இன்னும் இருக்கிறது.