ரோஜாத் தோட்டம் இடம் மாறிய கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நம்ம ஊர் கால்பந்து இல்லை. முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த அமெரிக்கன் ஃபுட்பால். காலுக்குப் பெரிதாக வேலை கிடையாது, ஏன் அந்தப் பெயர் வைத்தார்களோ!

அங்கே கல்லூரி ஆட்டங்களில் ரோஸ் பவுல் என்றால் தனி மவுசு. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் நடக்கும். 1941 சீசனில் ஒரேகன் ஸ்டேட் கல்லூரி பசிபிக் கடற்கரை சாம்பியனாகி, முதல்முறையாக அங்கே ஆடத் தகுதி பெற்றது. எதிரணி டியூக் பல்கலைக்கழகம். அந்த சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காதவர்கள்.

டிசம்பர் 7, பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்தது. அடுத்தது மேற்குக் கரைதான் என்று பீதி. பெருங்கூட்டம் கூடினால் ஆபத்து என்று ஜெனரல் ஜான் டிவிட் ஆட்சேபிக்க, பாசடீனா ஆட்டம் ரத்து. டியூக் கோச் வாலஸ் வேட், 'எங்க ஊருக்கு வாங்க' என்றார். நாட்டின் மறுகோடியில், வட கரோலினாவின் டர்ஹம் நகரம். பக்கத்துக் கல்லூரிகளில் பெஞ்சுகளை இரவல் வாங்கிப் போட்டு, 56,000 பேருக்கு இடம் பண்ணினார்கள்.

ஒரேகன் பையன்கள் ரயிலேறியபோது ஒருவன் மட்டும் இல்லை. ஜாக் யோஷிஹாரா. ஜப்பானில் பிறந்து, சின்னக் குழந்தையாக அமெரிக்கா வந்து, போர்ட்லாண்டில் வளர்ந்தவர். பயிற்சி நடந்துகொண்டிருந்த மைதானத்துக்கே எஃப்.பி.ஐ. ஆட்கள் வந்து, பயணம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கூட ஆடியவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

1942 ஜனவரி 1. மழை, குளிர், சகதி. மூன்றாவது கால்பகுதியில் பாப் டெத்மன் வீசிய பந்தைப் பிடித்து ஜீன் கிரே ஓடினார், மொத்தம் 68 கெஜம்! 20-16. சொந்த மைதானத்திலேயே டியூக் தோற்றது.

அடுத்த மாதம் ரூஸ்வெல்ட் 9066-ஆம் உத்தரவில் கையெழுத்திட்டார். மேற்குக் கரையிலிருந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு வாசலை விட்டு முகாம்களுக்குப் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள் என்பதுதான் கொடுமை. யோஷிஹாராவும் குடும்பத்தோடு ஐடஹோவின் மினிடோகா முகாமுக்கு. படிப்பு அவ்வளவுதான்.

மற்றவர்கள் போருக்குப் போனார்கள். கோச் வேட்கூட விடவில்லை, ஐம்பதை நெருங்கிய வயதில் பீரங்கிப் படையில் சேர்ந்து ஐரோப்பா போனார். அன்று ஆடியவர்களில் நான்கு பேர் திரும்பி வரவில்லை. இத்தாலிப் போர்முனையில் டியூக்கின் சார்லஸ் ஹேன்ஸ் குண்டடிபட்டுக் கிடந்தபோது அவரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் ஒருவர், எதிரணியில் ஆடிய ஒரேகனின் ஃபிராங்க் பார்க்கர். சினிமாவில் வந்தால் நம்ப மாட்டோம்.

யோஷிஹாராவுக்கு ரோஸ் பவுல் மோதிரம் 1985-இல் கிடைத்தது. 2008-இல் ஒரேகன் ஸ்டேட், படிப்பை விட்டுப் போக நேர்ந்த தன் 42 ஜப்பானிய அமெரிக்க மாணவர்களுக்கு கௌரவப் பட்டம் கொடுத்தது. அதில் அவர் பெயரும் இருந்தது. அடுத்த வருடம் காலமானார்.

ரோஸ் பவுல் மறுபடி பாசடீனாவை விட்டு வெளியே போனது 2021-இல்தான். அந்தத் தடவை காரணம் கொரோனா.