நம்பிள்ளை ஈட்டை வாங்கி வைத்தது ஏன்?

திருவாய்மொழி வ்யாக்யானங்களுள் தலையாயதாகக் கொண்டாடப்பெறும் ஈடு முப்பத்தாறாயிரப்படி, எழுதப்பெற்ற காலத்தில் உலாவவில்லை. திருவரங்கத்தில் நம்பிள்ளை பகலில் ஸாதித்த அர்த்தங்களை வடக்குத் திருவீதிப்பிள்ளை இரவில் ஏடுபடுத்தினார். அவ்வேட்டை ஆசார்யர் வாங்கித் தம்மிடமே வைத்துக்கொண்டார். பின்னர் எழுதியவரிடமே அதைத் திருப்பித் தராமல் ஈயுண்ணி மாதவருக்கு அளித்தார். சிஷ்யனின் பேருழைப்பை ஆசார்யர் இவ்வாறு கைக்கொண்டது தகுமோ என்னும் கேள்வி இயல்பாகவே எழும்.

உபதேசரத்தினமாலையில் மணவாள மாமுனிகள் வாங்கியதையும் கொடுத்ததையும் மட்டுமே சொல்லுகிறார், காரணம் சொல்லவில்லை. நியமனமின்றி எழுதியதே காரணம் என்பது குருபரம்பரை வழியே வரும் விளக்கம். திருக்குருகைப்பிரான் பிள்ளான் ஆறாயிரப்படியை எம்பெருமானார் நியமனத்தால் அருளிச்செய்ததை நோக்க, இவ்விளக்கம் ஸம்ப்ரதாய மரபுக்கு ஒத்ததே. ஆனால் இது மட்டும் போதுமா?

நடுவில் திருவீதிப்பிள்ளை பட்டர் செய்தியை இதனருகே வைத்துப் பார்க்கவேண்டும். அவரும் நம்பிள்ளையிடம் கேட்டதை நியமனமின்றியே எழுதினார். அது 1,25,000 படி. படியாவது முப்பத்திரண்டு எழுத்து. ஆறாயிரப்படியைப்போல் இருபது மடங்குக்கும் மேற்பட்ட அந்நூலை நம்பிள்ளை நீர் சொரிந்து கரையானுக்கு இரையாக்கினார் என்பர். குற்றம் ஒன்றே, ஒரு நூல் அழிந்தது, மற்றொன்று காக்கப்பட்டது. நியமனம் பெறாமை ஒன்றே காரணமாயின் இவ்வேறுபாடு விளங்காது.

பொறாமை என்று ஐயுறுவார்க்கும் இடமில்லை. ஈட்டில் உள்ளது நம்பிள்ளையின் வாக்கே. மேலும், இருபத்துநாலாயிரப்படியை எழுதும்படி பெரியவாச்சான் பிள்ளையை நியமித்தவரும் அவரே.

எனவே அவர் அஞ்சியது வேறொன்றாகலாம். காலக்ஷேபத்தில் கேட்பதெல்லாம் ஏட்டிலேயே கிடைத்தால், ஆசார்யன் திருவடியில் இருந்து கேட்கும் ஆவல் குன்றும். அளவில் பெருத்த நூலால் இவ்வச்சம் மிகும். பட்டருடைய ஏட்டின் கதிக்கு இது பொருந்தும். ஈடோ அளவில் அடங்கியது, பொருளில் செறிந்தது. அதன் மதிப்பை உணர்ந்தே அழிக்காமல் வைத்திருந்தார் என்று கொள்வதில் தவறில்லை. அது பின்னர் சென்ற வழியும் இதற்கு இசைகிறது: மாதவர், அவர் திருக்குமாரர் பத்மநாபர், நாலூர்ப்பிள்ளை, நாலூராச்சான்பிள்ளை, திருவாய்மொழிப்பிள்ளை, மாமுனிகள் என ஓராண் வழியாகவே அது வந்தது.

இதற்கு மறுப்பும் உண்டு. மாதவருக்குக் கொடுத்தது நம்பெருமாள் நியமனத்தால் என்பது ஐதிஹ்யம். அப்படியாயின் ஓராண் வழியை நம்பிள்ளை தாமே வகுத்தார் என்பது நில்லாது. ஆயினும் நியமனம் வரும்வரை ஏடு பழுதின்றி இருந்தது என்னும் அளவு நிற்கும்.

ஏட்டை இழந்த சிஷ்யர் இதை எவ்வாறு கொண்டார்? நம்பிள்ளைக்கு உலகாரியன் என்பது சிறப்புத் திருநாமம். வடக்குத் திருவீதிப்பிள்ளை தம் மூத்த திருக்குமாரருக்கு அத்திருநாமத்தையே சாத்தினார். அந்தப் பிள்ளை லோகாசாரியரே, செவிவழியாக வந்த ரஹஸ்யார்த்தங்களைப் பதினெட்டுப் பிரபந்தங்களாக ஏட்டில் ஏற்றினார்.