கல்லூரி மைதானம் பெற்ற அணி

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால், ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பால் சுங்குவார்சத்திரம் வரும். அதையொட்டிய குன்னத்தில் இருக்கிறது ஜேப்பியார் தொழில்நுட்பக் கல்லூரி. 2017 தொடக்கத்தில் டெல்லி அம்பேத்கர் மைதானத்தில் இந்தியப் பெண்கள் கால்பந்து லீக் முதன்முறையாக நடந்தபோது, இறுதிச் சுற்றில் ஆடிய 6 அணிகளில் ஒன்று இந்தக் கல்லூரியின் பெயரில் இறங்கியது. மணிப்பூர், ஒடிசா அணிகளோடு நம் பக்கத்துப் பொறியியல் கல்லூரி! அம்பத்தூர், ஆவடிப் பக்கம் இது பேசப்படவே இல்லை என்பதில் எனக்கு ஆதங்கம் உண்டு.

பெண்கள் அணிகளின் பிறப்பைத் தேடிப் போனால், கால்பந்துச் சங்கங்கள் அங்கே அநேகமாக இருப்பதில்லை. வேறு யாரோ இடம் கொடுத்திருப்பார்கள். முதல் உலகப்போரின்போது இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் குண்டு தயாரித்த பெண்கள் ஆலையின் பெயரிலேயே ‘டிக், கெர்’ அணியைத் தொடங்கினார்கள். 1920 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவர்கள் லிவர்பூலில் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டே, தன் உறுப்பினர் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று ஆங்கிலேயக் கால்பந்துச் சங்கம் தடை போட்டது. அந்தத் தடை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது.

டென்மார்க்கில் இடம் கொடுத்தது ஒரு பெண்கள் பத்திரிகை. ‘ஃபெமினா’வின் பெயரையே சூட்டிக்கொண்டு 1959-இல் பிறந்தது பி.கே. ஃபெமினா. 1970-இல் இத்தாலியில் நடந்த, ஃபிஃபா ஏற்காத உலகக் கோப்பைக்கு டென்மார்க்கின் சார்பில் போனது இந்த கிளப்தான். டூரினில் நடந்த இறுதியாட்டத்தில் இத்தாலியை 2-0 என்று வென்றது. டேனிஷ் கால்பந்துச் சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1972-இல். கோப்பை முதலில் வந்தது, அங்கீகாரம் பின்னால் வந்தது.

நம் நாட்டிலும் 1975-இல் பெண்களுக்கென்று தனிச் சம்மேளனம் உருவாகி லக்னோவில் தேசியப் போட்டி நடந்தது. 1980-இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா 2-ஆம் இடம் பிடித்தது. அதன் பிறகும் ஒரு தேசிய லீக் வர 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை தலைமுறைப் பெண்கள் ஆடி ஓய்ந்திருப்பார்கள்!

லீக் வரும் என்றதும் கிளப்புகள் தேவைப்பட்டன. 2016-இல் மதுரையில் பிறந்தது சேது எஃப்.சி. காரியாபட்டி அருகே உள்ள சேது பொறியியல் கல்லூரிதான் அதன் தாய்வீடு. கிளப்பின் தலைவர் சீனி மொகைதீன். கல்லூரி என்றால் மைதானம் உண்டு, விடுதி உண்டு, மெஸ் உண்டு, பஸ் உண்டு. வெளியூரிலிருந்து வரும் பெண்ணை வீட்டார் நம்பி அனுப்பவும் ஓர் இடம் இருக்கிறது. பெண்கள் அணிக்குப் பணத்துக்கும் முன்னால் வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

காலமும் கூடி வந்தது. 2018 பிப்ரவரியில் கட்டக்கில் மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தி, தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாகத் தேசியச் சாம்பியன் ஆனார்கள். அந்த அணியின் கடலூர் இந்துமதி கதிரேசன் சேதுவுக்கும் ஆட வந்தார். நேபாளத்தின் சபித்ரா பண்டாரி வந்தார். 2019 மே 22 அன்று லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று, பிறந்து மூன்றே ஆண்டுகளில் சேது இந்திய லீக் கோப்பையைத் தூக்கியது. சபித்ரா பிற்பாடு பிரான்சின் கங்காம் கிளப் வரை போனார்.

2022-இல் புவனேஸ்வரில் நடந்த லீக்கின் கடைசி ஆட்டத்தில் கோகுலம் கேரளாவிடம் தோற்று, சேதுவுக்கு 2-ஆம் இடம். அதுவும் சிறிய சாதனையல்ல.

நம் பகுதிக்கு வருகிறேன். ஆவடியில் 1961 முதல் டேங்க் ஃபேக்டரி இருக்கிறது. அம்பத்தூரில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் இருக்கிறது. ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி எங்கும் பொறியியல் கல்லூரிகள். பிரஸ்டன் ஆலையும் காரியாபட்டிக் கல்லூரியும் கொடுத்தவை இங்கேயும் இருக்கின்றன. மாலையில் ஒரு மைதானத்தைப் பெண்களுக்கென்றே விட்டு, விடுதியில் 25 கட்டில் ஒதுக்கி, ஒரு நல்ல கோச்சுக்கு மாதச் சம்பளம் தர எந்த நிர்வாகம் முன்வருகிறதோ, அதன் பெயரிலேயே அணி இறங்கட்டும்.