வென்றவர்களை வென்ற தீன்

ஹிஜ்ரி 656, ஸஃபர் மாதம், அதாவது கி.பி. 1258 பிப்ரவரி. செங்கிஸ்கானின் பேரன் ஹுலாகுவின் படைகள் பக்தாதினுள் புகுந்தன. கலீஃபா முஸ்தஃஸிம் கொல்லப்பட்டார். ஐந்நூறு ஆண்டுகள் கண்ட அப்பாஸிய ஆட்சி அங்கே முடிவுற்றது. கண்ணீர் சிந்தி நின்ற ஒரு முஃமினிடம், “இந்த ஹுலாகுவின் கொள்ளுப்பேரன் கலிமா மொழிவான்” என்று அன்று எவரேனும் கூறியிருந்தால் அவர் நம்பியிருப்பாரா? ஆயினும் 37 ஆண்டுகளில், அல்லாஹ்வின் நாட்டத்தால், அது நிகழ்ந்தது.

இதனை மேடைகளில் எடுத்துரைக்கும்போது, யாரோ ஒரு ஷைகின் ஒரு சொல்லில் மங்கோலியர் அனைவரும் மாறிவிட்டதாக நாம் கூறிவிடுகிறோம். அடியேனும் அவ்வாறு பேசியவனே. உண்மையில் அம்மாற்றம் இரண்டு தலைமுறைக் காலம் பிடித்தது. வடக்கே வோல்கா நதிக்கரையை ஆண்ட பர்கா கான் முன்னரே முஸ்லிமாகியிருந்தார். 1262-இல் தம் சிற்றப்பன் மகனான ஹுலாகுவுடனேயே போர் தொடுத்தார். ஈரானிலோ வென்றவர்களுக்குக் கணக்கு எழுதவும் வரி தண்டவும் ஆள் வேண்டியிருந்தது. அதா மலிக் ஜுவைனி என்னும் முஸ்லிம் அறிஞரிடமே பக்தாதின் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. கிர்மான் நாட்டு முஸ்லிம் இளவரசி பாதுஷா காத்தூன், ஹுலாகுவின் மகன் அபாகாவுக்கு மனைவியானார். மன்னர் கலிமா சொல்லும் முன்பே படைவீரர் பலர் முஸ்லிம்களாகியிருந்தனர். அவர்களுடைய பெயர்களை எந்த ஏடும் குறிக்கவில்லை.

பௌத்தராக வளர்ந்த காஸான், ஹிஜ்ரி 694 ஷஃபான் மாதம் (1295), ஷைகு ஸத்ருத்தீன் இப்ராஹீம் முன்னிலையில் இஸ்லாத்தைத் தழுவி மஹ்மூத் என்று பெயர் பூண்டார். அரியணைப் போட்டியில் முஸ்லிம்களின் ஆதரவு தேவைப்பட்டதென்பதும் ஒரு காரணமே. அவரைத் தூண்டியவர் தளபதி நவ்ரூஸ். ஆட்சி கைக்கு வந்ததும் பௌத்த ஆலயங்கள் இடிக்கப்பட்டன, தேவாலயங்களும் தப்பவில்லை. மார்க்கத்தில் நிர்ப்பந்தத்தை விலக்கிய இறைவேதத்தை ஓதுகிற நாம் அதனைப் புகழ்ந்துரைப்பது எங்ஙனம்? நவ்ரூஸும் ஈராண்டில் அதே மன்னரின் ஆணையால் கொல்லப்பட்டார். 1299-இல் காஸானின் படை ஷாம் தேசத்தின் மீது பாய்ந்தது. திமிஷ்கின் புறநகர் ஸாலிஹிய்யா சூறையாடப்பட்டது. கலிமா சொன்ன மன்னரிடம் முஸ்லிம்களுக்கு அபயம் கேட்டுச் சென்ற உலமாக்களின் குழுவில் இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்களும் இருந்தார்கள்! நாவு மாறிய வேகத்தில் வாள் மாறவில்லை.

எனினும் மாற்றம் நிற்கவில்லை. காஸானின் முன்னோர் மங்கோலிய வழக்கப்படி எவரும் அறியா இடங்களில் இரகசியமாகப் புதைக்கப்பட்டார்கள். அவரோ தப்ரீஸ் நகரின் அருகே தமக்கென வெளிப்படையாக ஓர் அடக்கத்தலம் எழுப்பி, அதனைச் சூழ மஸ்ஜிதும் மதரஸாக்களும் மருத்துவமனையும் நூலகமும் அமைத்து, அவற்றுக்கு நிலங்களை வக்ஃபு செய்தார். 1304-இல் அங்கேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்.